ஹெபடைடிஸ் சி மருந்து எழுதும்போது செய்யக் கூடாதவை

எங்கள் தர்மபுரி ஓபிக்குப் புதிதாக வரும் ஜூனியர்கள், ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை வரிசையாகச் செய்கிறார்கள். இந்த ஈரல் வைரஸ் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்என்ஏ பரிசோதனையைப் பார்க்காமல் மருந்து தொடங்குவது போன்றவற்றை நீங்களே திருத்திக்கொள்வீர்கள், விடுங்கள்.

ஈரலைப் பார்க்காமல் 12 வாரம் எழுதுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து இந்த வைரஸின் எல்லா ஜீனோடைப்புக்கும், அதாவது மரபணு வகைக்கும், கேட்கும் என்கிறார்கள், சரி. ஆனால் நம் நாட்டில் அதிகம் இருப்பது ஜீனோடைப் 3. 2015இல் வெளியான ஆலி-3 ஆய்வில் இந்த வகைக்கு இதே ஜோடியை 12 வாரம் கொடுத்தபோது, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லாதவர்களில் 96 சதவீதம் பேருக்கு வைரஸ் போனது, சிரோசிஸ் இருந்தவர்களில் வெறும் 63.

பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், வேறோரிடத்தில் இதே கோர்ஸை முடித்து, வைரஸ் திரும்பி வந்து எங்களிடம் வந்தார். ஃபைலின் முதல் தாளிலேயே பிளேட்லெட் 92,000, குறைவு; சிரோசிஸைச் சந்தேகிக்க அதுவே போதும். வயது, ஈரல் என்சைம்களான ஏஎஸ்டி, ஏஎல்டி, பிளேட்லெட் நான்கையும் போட்டால் ஈரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 எண் செல்போனிலேயே வந்துவிடும், யாரும் போடவில்லை. போதாததற்கு, "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்" என்று அவரையே திட்டி, அதே மாத்திரையை மறுபடியும் எழுதியிருக்கிறார்கள். பாவம், காலி டப்பாக்களை மஞ்சப்பையில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்.

இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. ஒருவர் உடம்பில் ஒரு நாளைக்கு லட்சம் கோடி அளவில் பிறக்கிறது, ஒன்றுக்கொன்று கொஞ்சம் வேறாக. டக்லடாஸ்விருக்கு அடங்காத ஒய்93எச் என்ற மரபணு மாற்றம் மருந்துக்கு முன்பே அந்தக் கூட்டத்தில் ஒளிந்திருக்கலாம். ராகிக் கொல்லையில் ஒரே களைக்கொல்லியை அடித்துக்கொண்டே இருந்தால் சாகாத களை மட்டும் மிஞ்சுமே, அதேதான். இந்த மாற்றம் வருடக்கணக்கில் தங்கும் என்பதால் காத்திருந்து அதையே கொடுத்தாலும் பயனில்லை. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சிரோசிஸ் இருந்தால் முதலிலேயே சோபோஸ்புவிரோடு வெல்படாஸ்விர்தான், அதுவும் இலவசம். மருந்து தோற்றுப்போய் வருபவருக்கு அதோடு ரிபாவிரின் என்ற மருந்தையும் சேர்த்து 24 வாரம் போகும்.

திரும்பி வந்ததெல்லாம் பழைய வைரஸ் என்று நினைப்பது

டயாலிசிஸ் செய்பவர் என்றால் புதுத் தொற்றாகவும் இருக்கலாம். பழைய ஜீனோடைப் 3, இப்போது 1 என்றால் மருந்து தோற்கவில்லை. ஜீனோடைப் பரிசோதனைக்குச் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

கடைசி மாத்திரை அன்றே குணம் என்று சொல்வது

இன்னும் 12 வாரம் பொறுங்கள். அப்புறம் ஆர்என்ஏ.

வெல்படாஸ்விரோடு ஓமெப்ரசோல்

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலால் உடம்பு வெல்படாஸ்விரை உறிஞ்சுவது குறையும். கேட்டுவிட்டு எழுதுங்கள், நம் ஊரில் கேஸ் மாத்திரை போடாதவர் யார்?