காலேஜ் ஃபுட்பால் பயிற்சி வீடியோவில் எதைப் பார்ப்பது? புதியவர்களுக்கு ஒரு வழி

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஊர்களில் பேச்சே மாறிவிடும். முதல் ஃபுட்பால் மேட்ச் (காலால் உதைக்கிற நம் கால்பந்து அல்ல, கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஆட்டம்) மாதக் கடைசியில்தான் வரும். அதுவரை ரசிகர்கள் கையில் இருப்பது பயிற்சி வீடியோக்கள் மட்டுமே. பன்னிரண்டு விநாடி, முப்பது விநாடித் துண்டுகள். ஒருவர் எறிவார், இன்னொருவர் ஒற்றைக் கையால் பிடிப்பார், பின்னால் காதைக் கிழிக்கும் பாட்டு. அதைப் பார்த்ததுமே "இந்த வருஷம் நம்மளை யாரும் அசைக்க முடியாது" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இங்கே படிக்க வந்த முதல் வருஷம், புதிதாகச் சேர்ந்த ஒரு ரிசீவர் துள்ளிப் பந்தைப் பிடிக்கிற துண்டைப் பார்த்துவிட்டு, அறையில் இருந்த மூன்று பேரிடமும் "இவன்தான் இந்த சீசனோட ஹீரோ" என்று சத்தியம் செய்தேன். சீசன் முழுக்க அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிறகொரு நாள் அதே துண்டை மறுபடி ஓட்டியபோதுதான் கவனித்தேன், அவனைச் சுற்றி எதிராளி ஒருவர்கூட இல்லை. நெட் பிராக்டிஸில் அடித்த சிக்ஸரை ஸ்கோரில் சேர்த்த கதைதான். அந்தத் தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டமே புதிது என்பவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். பக்கத்துக்கு 11 பேர். 100 கெஜ மைதானம், இரு முனையிலும் பந்தைக் கொண்டு சேர்க்க வேண்டிய எண்ட் ஸோன், பத்துப் பத்து கெஜத்துக்கு. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர், குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து கனத்த ஆட்கள் அஃபென்ஸிவ் லைன். அந்த ஐந்து பேரை மறந்துவிடாதீர்கள், கீழே அவர்களிடம்தான் திரும்பி வரப்போகிறோம்.

படி 1: எடுத்தது யார் என்று பாருங்கள்

ப்ளே பட்டனை அழுத்துவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிட வேண்டும். அணியின் சொந்த வீடியோ பிரிவு வெளியிடுவது டிரெய்லர் மாதிரி. தவறவிட்ட பந்து, திட்டு வாங்கிய ஆள் எதுவும் அதில் இருக்காது. இளம் வீரர்களை அந்தக் கல்லூரிக்கு இழுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று என்பதால் அது அப்படித்தான் இருக்கும்.

நிருபர்கள் எடுப்பது வேறு வகை. பெரும்பாலான அணிகள் பயிற்சியின் ஆரம்பத்தில் பத்து இருபது நிமிஷம்தான் பத்திரிகையாளர்களை உள்ளே விடும். அந்த நேரத்தில் நடப்பது உடம்பை வளைத்து நிமிர்த்துவதும் சின்னச் சின்ன டிரில்களும்தான். நிஜ ஆட்டம் போல மோதுகிற பகுதி வந்ததும் கேமராவை மூடச் சொல்லிவிடுவார்கள். பல இடங்களில் வியூகத்தையோ காயத்தையோ பற்றி எழுதக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆக, நிருபர் வீடியோவில் பொய் இருக்காது, ஆனால் முக்கியமான பாதியும் இருக்காது.

மூன்றாவது, திறந்த பயிற்சிக்குப் போன ரசிகர் கேலரியிலிருந்து போனில் எடுத்தது. கை ஆடும், தலை மறைக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் யாரும் எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

கோச்கள் பார்ப்பது நான்காவது வகை, அது வெளியே வராது. 22 பேரும் ஒரே பிரேமில் தெரியும்படி உயரத்திலிருந்தும் எண்ட் ஸோன் பின்புறத்திலிருந்தும் எடுப்பார்கள். அதற்காகவே மைதான ஓரத்தில் கோபுரமோ தூக்கும் மேடையோ இருக்கும். 2010 அக்டோபரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பயிற்சியைப் படம்பிடித்துக் கொண்டிருந்த 20 வயது மாணவர், பலத்த காற்றில் அந்தத் தூக்கும் மேடை சரிந்து இறந்துபோனார். அதன் பிறகு அங்கே தரையிலிருந்தே இயக்கக்கூடிய கேமராக்களை வைத்தார்கள். வீடியோக்களில் ஓரமாகத் தெரியும் அந்த உயரமான மேடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இந்த நான்கிலும் சேராத ஒன்று கொலராடோ பல்கலைக்கழக அணி. டியான் சாண்டர்ஸ் அங்கே கோச்சாக வந்த பிறகு, அவருடைய மகனே கேமராவோடு பயிற்சிக்குள் நடமாடி யூடியூபில் போடுகிறார். மற்ற அணிகள் காட்டாத கூட்டப் பேச்சு, திட்டு எல்லாம் வரும். ஆனால் குடும்பத்து ஆளே எடுப்பது என்பதையும் மறக்கக் கூடாது.

படி 2: தேதி, கவசம்

வசந்த காலத்தில் ஒவ்வொரு அணிக்கும் 15 பயிற்சிகள்தான் அனுமதி. அடுத்தது ஆகஸ்ட் முகாம். சீசன் தொடங்கிவிட்டால் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

ஆகஸ்டில் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், அடுத்த சில நாள் ஷோல்டர் பேடும் சேரும், அப்புறம்தான் முழுக் கவசம். வெயிலுக்கு உடம்பு பழகுவதற்காக, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்பு வைத்த ஒழுங்கு இது. ஒரே நாளில் இரண்டு முறை மோதவிடும் பழைய வழக்கத்தையும் 2017இல் தடை செய்துவிட்டார்கள்.

இதனால் உங்களுக்கு என்ன? ஹெல்மெட் மட்டும் மாட்டியிருந்தால் அன்றைக்கு உண்மையான மோதல் இல்லை. அந்த வீடியோவை வைத்துக்கொண்டு "லைன் சூப்பர்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 3: ஜெர்சி

பந்தோடு முன்னேறும் அஃபென்ஸ் ஒரு நிறம், அதைத் தடுக்கும் டிஃபென்ஸ் ஒரு நிறம். இரண்டிலும் சேராத நிறத்தில் குவார்ட்டர்பேக்குகள் இருப்பார்கள், "இவரைத் தொடாதே" என்று அதற்கு அர்த்தம். வேறு இடத்தில் ஆடுபவர் ஒருவர் திடீரென்று அந்த நிறத்தில் வந்தால், காயத்திலிருந்து திரும்பிக் கொண்டிருக்கிறார் என்று யூகிக்கலாம்.

எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. காலேஜ் ஃபுட்பாலில் ஒரே எண்ணை இரண்டு பேர் போடலாம், இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நூறு பேருக்குக் குறையாமல் இருக்கும் அணியில் இது தவிர்க்க முடியாதது. அதனால் 5ஆம் எண்ணைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடாதீர்கள், முதலில் நிறத்தைப் பாருங்கள். கல்லூரித் தளத்தில் இருக்கும் வீரர் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அஃபென்ஸிவ் லைன் ஆட்கள் 50 முதல் 79 வரை போடுவார்கள், அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம்.

படி 4: என்ன டிரில் என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பயிற்சி சிறு சிறு பீரியடுகளாக ஓடும், நம் பள்ளிக்கூடம் மாதிரி. ஒவ்வொன்றும் சில நிமிஷம், முடிந்ததும் ஹார்ன் அடிக்கும். வீடியோவில் அந்த ஹார்ன் சத்தம் கேட்டால் அடுத்த காட்சி வேறு டிரில் என்று புரிந்துகொள்ளுங்கள்.

எதிரே ஆளில்லாமல் ரிசீவர்கள் ஓடிப் பிடிப்பதை இங்கே "ஆன் ஏர்" என்பார்கள், காற்றை எதிர்த்து ஆடுவது என்று பொருள். நான் ஏமாந்தது இதில்தான். இதில் பார்க்க வேண்டியது பிடித்தாரா என்பதை அல்ல, திரும்புகிற இடத்தில் கால் எப்படி ஊன்றுகிறது என்பதை. எட்டு அடி எடுத்து வேகத்தைக் குறைத்துத் திரும்புபவரையும் மூன்றே அடியில் வெட்டித் திரும்புபவரையும் நாலு தடவை பார்த்தால் உங்களுக்கே பிரித்துச் சொல்ல வரும்.

ஒன் ஆன் ஒன் என்பது ஒரு ரிசீவருக்கு ஒரு டிஃபெண்டர். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தராசு ரிசீவர் பக்கம் சாய்ந்தது. அவருக்கு மைதானமே சொந்தம், டிஃபெண்டருக்கு உதவிக்கு ஆள் இல்லை. இதில் ரிசீவர் ஜெயித்தால் அது செய்தி இல்லை, டிஃபெண்டர் தொடர்ந்து ஜெயித்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். லைன் ஆட்களின் ஒன் ஆன் ஒன்னில் தராசு தலைகீழ். குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்ந்து வருபவருக்கு இடம் தாராளம், தடுப்பவருக்குப் பக்கத்தில் துணை இல்லை. அங்கே தடுப்பவர் நின்றுவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செவன் ஆன் செவனில் இரு பக்க லைனும் இருக்காது. குவார்ட்டர்பேக் மேல் யாரும் பாய மாட்டார்கள். அவர் நிதானமாக நின்று எறிவார், பந்து கச்சிதமாகப் போகும், கீழே கமெண்டுகளில் புகழ்மாலை குவியும். நிதானம் கொடுத்தால் நிறையப் பேர் நன்றாகத்தான் எறிவார்கள்.

கடைசியில் லெவன் ஆன் லெவன். முழு ஆட்டம். இது ஒரு நிமிஷம் கிடைத்தாலும் மற்றவை ஒரு மணி நேரத்துக்குச் சமம். இங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடுபவரை மோதி நிறுத்திவிட்டுத் தரையில் தள்ளாமல் விட்டால் அதன் பெயர் "தட்". கீழே வீழ்த்தினால் "லைவ்". "தட்" நடக்கும்போது டிஃபெண்டர் உரசியதும் விசில் ஊதிவிடுவார்கள். நிஜ ஆட்டத்தில் பந்தோடு ஓடியவர் தப்பி ஓடியிருப்பாரா, விழுந்திருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. இரு பக்க ரசிகர்களும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

படி 5: பந்தை விட்டுக் கண்ணை எடுங்கள்

கஷ்டமான படி இதுதான். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், உங்கள் கண்ணும் ஓடும். முதல் தடவை அப்படிப் பாருங்கள், பரவாயில்லை. இரண்டாம் தடவை பந்து எறிவதற்கு முந்தைய விநாடியில் நிறுத்தி, அஃபென்ஸிவ் லைனின் அந்த ஐந்து பேரின் எண்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து வரும் வீடியோவிலும் அதே ஐந்து பேர் அதே வரிசையில் நின்றால் கோச் முடிவெடுத்துவிட்டார் என்று ஓரளவு நம்பலாம். வலது கோடி ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால் அங்கே போட்டி நடக்கிறது. ஒற்றைக் கை கேட்ச் பத்தை விட இந்த ஐந்து எண்கள் அதிகம் சொல்லும்.

அப்புறம், டிரிலில் குவார்ட்டர்பேக்குகள் எந்த வரிசையில் எறிகிறார்கள் என்று பாருங்கள். முதலில் வருபவர்தான் பெரும்பாலும் முதல் ஆள். ஆனால் கேமரா இருப்பது கோச்சுக்கும் தெரியும், வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துவிடுவதும் உண்டு.

ஓரத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டோ தனியாகப் பயிற்சியாளரோடு நடந்துகொண்டோ யாராவது இருந்தால் அதையும் பாருங்கள். முன்பெல்லாம் காயச் செய்திக்கு ரசிகர்களின் ஒரே வழி இதுதான். கல்லூரி அணிகளின் பெரிய லீக்குகளில் பிக் டென் 2023 முதலும் எஸ்இசி 2024 முதலும் மேட்சுக்கு முன் யார் ஆட மாட்டார் என்ற பட்டியலை வெளியிடுகின்றன. ஆகஸ்டில் அந்தப் பட்டியல் கிடையாது, சைக்கிள்தான்.

யூடியூபில் வேகத்தை 0.25க்குக் குறைக்கலாம். கணினியில் என்றால் நிறுத்திவிட்டுக் கமாவும் முற்றுப்புள்ளியும் அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும்.

படி 6: முடிந்தால் நேரில் போங்கள்

ஏப்ரல் வாக்கில் நடக்கும் ஸ்பிரிங் கேம் இதற்கு ஏற்றது. ஒரே அணி இரண்டாகப் பிரிந்து ஆடும் பயிற்சி ஆட்டம்தான், ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். நிக் சேபன் அலபாமாவுக்குக் கோச்சாக வந்த 2007இல் 92,138 பேர் போனார்கள். 2016இல் ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு 100,189 பேர். 2022இல் ஒரே ஒரு மேட்ச் ஜெயித்த கொலராடோவுக்கு 2023 ஏப்ரலில் பனி கொட்டக் கொட்ட 47,277 பேர் வந்தார்கள்.

இந்த வழக்கம் இப்போது தேய்கிறது. 2025இல் நெப்ராஸ்கா கோச் மேட் ரூல் வழக்கமான ஸ்பிரிங் கேமை நிறுத்தினார். வீரர்கள் சுலபமாக வேறு கல்லூரிக்கு மாறலாம் என்றாகிவிட்ட காலத்தில், தன் ஆளின் திறமையை ஊருக்கெல்லாம் காட்டினால் மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்பது அவர் கவலை. ரசிகனாக எனக்குக் கோபம் வந்தாலும் அவர் சொல்வதில் தப்பில்லை. அதனால் உங்கள் ஊரில் ஸ்பிரிங் கேம் இன்னும் இருந்தால் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள். எண்ட் ஸோன் பக்கம், முடிந்த அளவு உயரத்தில் உட்காருங்கள், கோச்களின் கேமரா நிற்கும் கோணம் அது. போனைக் கிடையாகப் பிடியுங்கள், பந்தைத் துரத்தாமல் லைனை மையமாக வையுங்கள். திறந்த பயிற்சி என்றால் வாசலில் கேமராவுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே "மிட்நைட் யெல் பிராக்டிஸ்" என்று பார்த்துவிட்டு நள்ளிரவில் ஸ்டேடியத்துக்குப் போனால் வீரர்களின் பயிற்சி எதுவும் இருக்காது. மறுநாள் மேட்சில் எப்படிக் கத்துவது என்று ரசிகர்கள் பழகுவது அது. போனால் நன்றாகத்தான் இருக்கும், லைன் எண்கள் மட்டும் கிடைக்காது.

படி 7: நோட்டு

ஒரு பக்கத்தில் தேதி, என்ன டிரில், என்ன கவசம், ஐந்து எண்கள், குவார்ட்டர்பேக் வரிசை. வேறெதுவும் எழுத வேண்டாம். முதல் மேட்சில் நம் அஃபென்ஸ் முதன்முறை களமிறங்கும்போது டிவியை ஒரு விநாடி நிறுத்தி ஒப்பிடுங்கள். போன வருஷம் எனக்கு ஐந்தில் நான்கு சரி. நடுவில் நிற்கும் சென்டரில் கோட்டை விட்டேன். நான் எழுதிய ஆள் ஆகஸ்ட் 20க்குப் பிறகு எந்த வீடியோவிலும் வரவில்லை, நான் அதைக் கவனிக்கவே இல்லை. இந்த வருஷம் நோட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: "யாரைக் காணோம்?"