பாப் பங்க் ஆல்பம்: ஜாம் ரூமிலிருந்து ரிலீஸ் வரை

பாப் பங்க் (பங்க் ராக்கின் வேகமும் பாப் மெட்டும் சேர்ந்த இசை) ஆல்பம் பதிவு செய்யணும் என்று வரும் பேண்டு பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, மொத்தம் எத்தனை நிமிடம் என்பதுதான். டிஸென்டென்ட்ஸ் என்ற அமெரிக்க பேண்டு 1982-ல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் 15 பாட்டு, எல்லாம் சேர்ந்தே சுமார் 22 நிமிடம். கிரீன் டேயின் ‘டூக்கி’ (1994) 40 நிமிடத்தைத் தொடவில்லை. 20 பாட்டு எழுதுங்கள், 11 வைத்துக்கொள்ளுங்கள். பல்லவி வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதா? முன்னால் இருப்பதில் பாதியை வெட்டுங்கள்.

‘டூக்கி’ கலிஃபோர்னியாவில் பெர்க்லியின் ஃபேன்டஸி ஸ்டுடியோவில் ஏறக்குறைய மூன்றே வாரத்தில் பதிவானது. கிரீன் டேயின் மூவரும் அதற்குள் ஊர் ஊராக வேனில் போய் வாசித்துத் தேறியிருந்தார்கள். ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும், ஜாம் ரூம் (பேண்டு ஒத்திகை பார்க்கும் அறை) வாடகை அதில் ஒரு பங்குகூட வராது. அதனால் பாட்டின் வேகம், முடிவு, யார் எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் ஜாம் ரூமிலேயே தீர்ந்துவிட வேண்டும். போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். சரணத்தைவிடப் பல்லவிக்கு கிளிக்கை (வேகம் காட்டும் டிக்-டிக் சத்தம்) இரண்டு மூன்று பீபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற அளவு) ஏற்றிப் பாருங்கள். பாட்டே நிமிர்ந்து உட்காரும்.

ஸ்டுடியோவில் முதல் வேலை டிரம்ஸ். ஸ்னேருக்கும் (சடசடவென ஒலிக்கும் முக்கிய டிரம்) டாம்களுக்கும் (மற்ற சின்ன டிரம்கள்) புது ஹெட் (மேல் தோல்) போட்டு, முந்தின நாளே இழுத்து விடுங்கள். 190 பீபிஎம்மில் அடி வாங்கும் ஸ்னேர் ஒரு டேக்கிலேயே (ஒரு முறை வாசித்துப் பதிவதற்குள்ளேயே) சுருதி இறங்கிவிடும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். ஹை-ஹேட்டைக் (ஜோடித் தட்டு) கொஞ்சம் மென்மையாகவும் ஸ்னேரைப் பலமாகவும் அடிக்கப் பழகிய டிரம்மர் கிடைத்தால் மிக்ஸில் (பதிவானதையெல்லாம் அளவாகச் சேர்ப்பதில்) பாதி வேலை மிச்சம்.

அடுத்து கிட்டார். இங்கேதான் எல்லாரும் கெயினை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) ஏற்றிவிடுகிறார்கள். ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வைக்கப் போகிறோம். இரண்டும் சேரும்போது அழுத்தம் தானாக வரும். தனியாகக் கேட்கும்போது ‘இன்னும் கொஞ்சம் வேணுமே’ என்று தோன்றுகிற அளவில் கெயினை நிறுத்துங்கள். ஒரே டேக்கைக் காப்பி செய்து இருபுறமும் வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். பவர் கார்டுகளை (இரண்டு மூன்று கம்பியில் மட்டும் பிடிக்கும் கார்டு) முழுக்கக் கீழ்நோக்கியே வாசியுங்கள். கை வலிக்கும், ஆனால் மேலும் கீழுமாக வாசித்தால் அந்த வெட்டு கிடைக்காது. இரண்டு பாட்டுக்கு ஒரு முறை கம்பி மாற்றுங்கள். பேஸ் கிட்டாரை விரலால் அல்ல, பிக்கால் வாசியுங்கள்.

குரலுக்கு ஒரு நாளில் இரண்டு பாட்டு போதும், அதற்கு மேல் தொண்டை காட்டிக்கொடுத்துவிடும். சரணத்தில் ஒற்றைக் குரல். பல்லவியில் அதையே இன்னொரு முறை பாடி, அதற்கு மேல் ஒரு ஹார்மனி (மெட்டுக்கு இசைவாக வேறு ஸ்வரத்தில் பாடும் குரல்). சொல்லின் கடைசி எழுத்து மூன்றிலும் ஒன்றாக முடிகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

மிக்ஸுக்கான பணத்தை முழுதாகத் தீர்த்துவிடாதீர்கள். ‘டூக்கி’யின் முதல் மிக்ஸே பிடிக்காமல் மறுபடி செய்தார்கள்.

ரிலீஸ் வேலையில் சுவாரசியம் குறைவுதான், ஆனாலும் விட முடியாது. ஒவ்வொரு பாட்டிலும் யாருக்கு எத்தனை சதவீதம் பங்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், நட்பு நன்றாக இருக்கும்போதே. ஆல்பத்துக்கு முன்னால் தனியாக விடும் பாட்டுக்கு வந்த ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு பதிவுக்கும் தரும் தனி அடையாள எண்) ஆல்பத்திலும் கொடுங்கள், அப்போதுதான் எத்தனை முறை கேட்டார்கள் என்ற கணக்கு ஒன்றாகச் சேரும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்கு ரிலீஸுக்கு ஏழு நாள் முன்பாவது பாட்டை அனுப்ப வேண்டும்; நான் சொல்வது நாலு வாரம்.

அப்புறம், வெளியீட்டு நிகழ்ச்சியை பாரில் வைக்காதீர்கள். கிரீன் டே வளர்ந்த பெர்க்லியின் 924 கில்மன் தன்னார்வலர்கள் நடத்தும் இடம். மது கிடையாது, எந்த வயதினரும் வரலாம். இந்த இசையை உயிராக நினைப்பவர்களில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு யாருக்காக வாசிக்கப் போகிறீர்கள்? ஞாயிறு மதியம், சின்ன ஹால், அவர்கள் கையில் இருக்கும் காசுக்கு டிக்கெட். வாசலிலேயே டி-ஷர்ட் மேசை, சின்ன சைஸ் நிறைய.