இயந்திரக் கற்றல் பாடநெறிக்கு முன் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துக்கொண்டு, தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளச் செய்யும் இயந்திரக் கற்றல் பாடத்தைத் தெரிவுசெய்ய எண்ணும் மாணவர்கள், எந்த மென்பொருளை நிறுவ வேண்டும் என்றே பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். உயர்தரத்தில் படித்த இணைந்த கணிதத்தில் எவ்வளவு இன்னும் கைவசம் இருக்கிறது என்பதையே அதற்கு முன்னர் பார்க்க வேண்டும்.

வகையீட்டிலிருந்து தொடங்குங்கள். உயர்தரத்தில் ஒரு மாறியைக் கொண்ட சார்புகளையே வகையிட்டோம். இங்கோ ஒரே சார்பில் ஆயிரக்கணக்கான மாறிகள் வருவதால், மற்றவற்றை மாறிலிகளாகக் கொண்டு ஒன்றைக் குறித்து மட்டும் வகையிடும் பகுதி வகையீடும், சார்புக்குள் சார்பு வரும்போது படிப்படியாக வகையிடும் சங்கிலி விதியும் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும்.

ஏன் என்பதை ஒரு வயற்கணக்கில் காட்டுகிறேன். 2 ஏக்கரில் 60 மூடை நெல் விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு எத்தனை மூடை என்பதை இயந்திரம் தானே கண்டுபிடிக்க வேண்டும். அது 20 என்று ஊகித்துத் தொடங்கினால் 40 மூடை என எதிர்வுகூறும். வழு 20, அதன் வர்க்கம் 400. இவ்வர்க்கத்தை ஊகத்தைக் குறித்து வகையிட்டால் 2 × (40 − 60) × 2 = −80 வரும். அதனை, ஒரு படியில் ஊகத்தை எவ்வளவு நகர்த்துவது என்பதைத் தீர்மானிக்க நாமே தெரிவுசெய்யும் கற்றல் வீதத்தால் (இங்கு 0.1) பெருக்கி ஊகத்திலிருந்து கழிக்க, ஊகம் 28 ஆகிறது. எதிர்வுகூறல் 56, வழுவின் வர்க்கம் வெறும் 16. வீதத்தை 0.3 ஆக எடுத்திருந்தால் ஊகம் 44 இற்குத் தாவி, வழுவின் வர்க்கம் 784 எனப் பெருகியிருக்கும். பல அடுக்குகளாகக் கணித்துக் கற்கும் ஆழ்கற்றல் வலையமைப்புகளும் அடிப்படையில் இதையே கோடிக்கணக்கான எண்களுக்குச் செய்கின்றன.

அடுத்தது, எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கும் தாயம். 100 விவசாயிகளின் காணி அளவு, பசளை, மழைவீழ்ச்சி ஆகிய மூன்று விபரங்களும் 100 × 3 தாயமாக அமையும்; அதனை 3 × 1 தாயத்தால் பெருக்கினால் 100 எதிர்வுகூறல்களும் ஒரே வீச்சில் கிடைக்கும். பெருக்குவதற்கு முன் பருமன் பொருந்துகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். தாயங்களில் பின்னர் வரும் ஐகன் பெறுமானங்கள் போன்ற கடினமான பகுதிகளுக்காக முதல் வாரங்களில் அஞ்ச வேண்டியதில்லை.

நிகழ்தகவில் நிபந்தனை நிகழ்தகவு, பேயிசின் தேற்றம், செவ்வன் பரம்பல், மாறற்றிறன் ஆகியவை தெளிவாக இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். உயிரியல் பிரிவிலிருந்து வந்தவர்கள் மேற்சொன்ன எல்லாவற்றுக்கும் ஓர் அரையாண்டு முன்பே ஆயத்தமாவது நல்லது.

தமிழ்மூலம் படித்தவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் அறிந்த தாயம் விரிவுரையில் மெற்றிக்ஸ் என்றும், காவி வெக்டர் என்றும், படித்திறன் கிரேடியன்ட் என்றும் வரும். தெரிந்த விடயத்தையே தெரியாததாக எண்ணித் திகைத்த கெட்டிக்கார மாணவர்களைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். ஒரு கொப்பியில் இரு பெயர்களையும் அருகருகே எழுதி வாருங்கள்.

நிரலாக்கத்துக்குப் பைத்தன் போதும். பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் நூலகங்களைத் தொடுமுன், மேலேயுள்ள வயற்கணக்கைப் பத்து வரிகளுக்குள் நீங்களே எழுதி, இருபது படிகள் ஓடவிட்டு, ஒவ்வொரு படியிலும் ஊகத்தை அச்சிட்டுப் பாருங்கள். கற்றல் வீதமாக 0.25 ஐ இட்டால் ஊகம் 20 இற்கும் 40 இற்கும் இடையில் ஓயாமல் ஊசலாடும். அது ஏன் என்பதைத் தாளில் நிறுவ முடிந்தவர் தயங்காமல் பாடநெறிக்குப் பதிவுசெய்யலாம்.