தி சவுண்ட் ஆஃப் மியூசிக்: பழைய விமர்சனங்களைத் தப்பாகப் படிக்கும் வழிகள்

1965-ல் வந்த ஹாலிவுட் பாட்டுப் படமான ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் ஒரு வரி தானாக வந்து விழுந்துவிடும்: விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ஜனங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் எழுதினேன். அப்புறம் அந்தக் காலத்து விமர்சனங்களைப் பற்றித் தேடிப் படித்தபோது, அந்த ஒரு வரிக்குள்ளேயே நாலைந்து தவறுகள் இருப்பது தெரிந்தது.

முதல் தவறு, ‘விமர்சகர்கள்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வது. கிழித்தவர்கள் பெரும்பாலும் நியூயார்க் பத்திரிகைக்காரர்கள். ஹெரால்ட் ட்ரிப்யூனில் ஜூடித் கிறிஸ்ட், இது சின்னக் குழந்தைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்குமான படம் என்று ஒதுக்கித் தள்ளினார். நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரவுதருக்குப் படத்தின் உணர்ச்சிக் குழைவு பிடிக்கவில்லை. பெரியவர்களின் நடிப்பு கொடுமை, அதிலும் கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் பிளம்மர் ரொம்ப மோசம் என்றார். ஆனால் அதே விமர்சனத்தில் கதாநாயகி ஜூலி ஆண்ட்ரூஸை மட்டும் தனியாக எடுத்துப் பாராட்டினார். இதை எடுத்தாளுகிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். சினிமாத் தொழில் ஏடான வெரைட்டியும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் படத்தை நன்றாகவே வரவேற்றன. சிறந்த படம், சிறந்த இயக்குநர் (ராபர்ட் வைஸ்) உட்பட ஐந்து ஆஸ்கர் கிடைத்தது. விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் விமர்சகர்களும் இல்லை, டிக்கெட் வாங்கிய ஜனங்களும் இல்லை. தொழிலுக்குள் இருந்தவர்கள். இந்த மூன்றாவது தரப்பு எப்போதும் கணக்கில் விடுபட்டுப்போகிறது.

அடுத்தது அமெரிக்க சினிமா விமர்சகர் பாலின் கேல் கதை. இதைக் கேள்விப்படாத சினிமா ரசிகர் குறைவு. மெக்கால்ஸ் என்ற பெண்கள் இதழில் அவர் இந்தப் படத்தைச் சர்க்கரை தடவிய பொய் என்று எழுதினார், கோபப்பட்ட நிர்வாகம் உடனே வேலையை விட்டுத் தூக்கியது என்று சொல்வார்கள். அவர் எழுதியது நிஜம், வேலை போனதும் நிஜம். ஆனால் காரணம் இந்த ஒரு விமர்சனம் இல்லை என்று அந்த இதழின் ஆசிரியர் ராபர்ட் ஸ்டைன் பின்னாளில் மறுத்திருக்கிறார். ஓடுகிற படம் ஒவ்வொன்றையும் கேல் மாதாமாதம் அடித்துக்கொண்டிருந்தார், அதனால்தான் என்றார் அவர். இதழுக்கும் கேலுக்கும் முதலிலிருந்தே பொருத்தம் இல்லை. ஒரு குடும்ப இதழின் வாசகிக்கு அவர் தொனி எப்படிச் சேரும்?

ஆனால் வேலைக் கதையை விடப் பெரிய தவறு, கேல் என்ன சொன்னார் என்பதைப் படிக்காமல் விடுவது. படம் மோசமாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டே இல்லை. அது வேலை செய்கிறது என்பதுதான் குற்றச்சாட்டு. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பாட்டை முணுமுணுக்கிறோமே, நம்மை இப்படி ஆட்டிவைக்க இவர்கள் யார் என்ற எரிச்சல் அது. பிடிக்காத ஒருவர் இந்தப் படத்துக்குக் கொடுத்த ஆகப்பெரிய சான்றிதழாக அது எனக்குத் தோன்றுகிறது. ரசிகர்கள் ஏன் அவர் மேல் கோபப்படுகிறார்கள் என்று புரியவில்லை.

பிளம்மர் படத்தைக் கிண்டலடித்ததையும் பலர் தீர்ப்பு மாதிரி காட்டுவார்கள். அவர் பாடியதாகத் திரையில் கேட்பது பில் லீ என்ற பாடகரின் குரல். அந்த மனக்குறையும் அவருக்கு இருந்தது. வயதான பிறகு படத்தைப் பற்றி மிகவும் இளகித்தான் பேசினார். சரி, அதை விடுவோம்.

‘உலகமே கொண்டாடியது’ என்பது இன்னொரு தவறு. கதை நடக்கிற ஆஸ்திரியாவிலும், பக்கத்தில் ஜெர்மனியிலும் படம் ஓடவில்லை. படம் சொல்கிற, டிராப் என்ற நிஜ ஆஸ்திரியக் குடும்பத்தின் கதையை ஜெர்மன்காரர்கள் 1956-லேயே தங்கள் மொழியில் படமாக எடுத்துவிட்டார்கள், 1958-ல் இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. அமெரிக்கர்கள் காட்டிய ஆஸ்திரிய நகரம் சால்ஸ்பர்க் அவர்களுக்கு அந்நியமாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்திரிய நாட்டுப்பாட்டு என்று பலர் நம்பும், படத்தில் வரும் ‘ஈடல்வைஸ்’ பாட்டு கூட, 1959-ல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்காக இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹேமர்ஸ்டைனும் எழுதியது. மியூனிக்கில், படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிளை மேலாளர் ஒரு படி மேலே போய், கல்யாணத்தோடு படத்தை நறுக்கிவிட்டார். நாஜிகள் வரும் கடைசிப் பகுதி மொத்தமும் காணாமல் போனது. விஷயம் தெரிந்ததும் தலைமையகம் அதைத் திரும்பச் சேர்க்கவைத்தது. ஆகவே ‘ஜெர்மானியப் பார்வையாளர் கருத்து’ என்று யாராவது சொன்னால், எந்தப் படத்தைப் பார்த்த பார்வையாளர் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நிஜக் குடும்பம் படத்தில் வருவது போல மலை ஏறித் தப்பவில்லை, 1938-ல் ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது. படத்தில் கேப்டனைப் பிள்ளைகளை மிரட்டுகிற கடுமையான ஆளாகக் காட்டிவிட்டார்கள், நிஜத்தில் அப்பா அப்படி இல்லை என்று பிள்ளைகளே வருத்தப்பட்டிருக்கிறார்கள். இதெல்லாம் நியாயமான குறைதான். ஆனால் 1965 விமர்சகர்களின் புகார் இதுவல்ல. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கக் கூடாது. இன்றைய இணையதளங்கள் காட்டும் சதவீத மதிப்பெண்ணிலும் இதே கோளாறுதான்: அன்று எழுதியதும் நாற்பது வருஷம் கழித்து எழுதியதும் ஒன்றாகக் கலந்து ஒற்றை எண்ணாகிவிடுகிறது.

கடைசியாக, வசூலை ஜனங்களின் கருத்தாக அப்படியே எடுத்துக்கொள்வது. அதுவரை வசூலில் முதலிடத்தில் இருந்த ‘கான் வித் த விண்ட்’ படத்தை 1966-க்குள் இது தாண்டியது, சரி. ஆனால் படம் வந்த விதத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் பெரிய நகரங்களில் குறைந்த தியேட்டர்களில் மட்டும், முன்பதிவு இருக்கையோடு, கூடுதல் கட்டணத்தில், இடைவேளை வைத்து, நாடகம் மாதிரி காட்டினார்கள். பிடித்துப்போனால் மறுபடி தியேட்டருக்குத்தான் போக வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது வந்ததே 1976-ல்தான். திரும்பத் திரும்பப் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர்.

ஜனங்களுக்கு என்ன பிடித்தது என்பதை மிக மோசமாகப் புரிந்துகொண்டது ஃபாக்ஸ் நிறுவனமேதான். 1963-ல் ‘கிளியோபாட்ரா’ எடுத்துக் கடனில் முழுகி, இந்தப் படத்தால் மூச்சுவிட்ட கம்பெனி அது. ஜனங்களுக்குப் பிரம்மாண்டமான பாட்டுப் படம் வேண்டும் என்று முடிவுகட்டி ‘டாக்டர் டூலிட்டில்’, ‘ஸ்டார்!’, ‘ஹலோ, டாலி!’ என்று 1967 முதல் 1969 வரை வருஷத்துக்கு ஒன்றாகக் கோடிகளைக் கொட்டியது. மூன்றுமே நஷ்டம். அதிலும் ‘ஸ்டார்!’ படத்தில் அதே ராபர்ட் வைஸ், அதே ஜூலி ஆண்ட்ரூஸ். ஓடவில்லை என்றதும் படத்தை வெட்டிச் சுருக்கி, ‘தோஸ் வேர் த ஹேப்பி டைம்ஸ்’ என்று பெயரையும் மாற்றித் திரும்ப விட்டார்கள். அதுவும் ஓடவில்லை.