மாட்டுக் கொட்டகைக்குத் தண்ணீர் லைன்: கடைசித் தொட்டியிலிருந்து கணக்குப் போடுங்கள்

கட்டுத்தரைக்குப் பைப் போடுகிறவர்கள் பெரும்பாலும் டேங்க் பக்கமிருந்துதான் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான். பத்து மாட்டுக்கு அரை இஞ்சு போதும் என்று வாங்கி, டேங்கை எட்டடி மேடையில் ஏற்றினேன். திறந்து பார்த்தபோது எல்லாத் தொட்டியிலும் தண்ணீர் விழுந்தது. மறுநாள் கறவை முடிந்ததும்தான் குட்டு உடைந்தது. எல்லா மாடும் ஒரே நேரத்தில் வாய் வைக்க, கடைசியில் நின்ற மாடு காலித் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

கறவை மாடு நாளைக்கு 60 முதல் 100 லிட்டர் வரை குடிக்கும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தானே. ஆனால் அந்த நாள் கணக்கை வைத்துப் பைப் வாங்கக் கூடாது. கறந்த பிறகும் தீவனம் தின்ற பிறகும்தான் மாடு முட்ட முட்டக் குடிக்கும், நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல்கூட. டேங்க் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு) கிடைக்கும். எட்டடிக்குக் கால் கிலோ தேறினாலே அதிகம். அதனால் பைப்பைத்தான் பெரிதாக்க வேண்டும். அரை இஞ்சை ஒரு இஞ்சாக்கினால் உள்வட்டப் பரப்பு நான்கு மடங்கு. உரசலும் குறைவதால் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகவே வரும். இப்போது என் மெயின் லைன் ஒன்றேகால் இஞ்சு, தொட்டிக்கு இறங்குவது முக்கால்.

தொட்டி நிறைந்ததும் பந்து மிதந்து தண்ணீரை அடைக்கும் மிதவை வால்விலும் ஏமாறுவோம். ஹை பிரஷர் வால்வில் துளை சின்னதாக இருக்கும். மேடை டேங்குக்கு அதை மாட்டினால் தொட்டி நிறைய யுகமாகும். லோ பிரஷர் என்று கேட்டு வாங்குங்கள். மாட்டின் நாக்குக்கு எட்டாதபடி மேலே ஒரு தகரமும் வேண்டும். சும்மா நிற்கும் மாட்டுக்கு அந்தப் பந்து விளையாட்டுச் சாமான்.

கருப்பு ஓஸை வெயிலில் தரையோடு இழுத்துவிட்டால் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பிவிசி பைப் வெயிலில் நாளடைவில் நொறுங்கும். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். டிராக்டர் போகும் இடத்தில் மேலே ஒரு இரும்புப் பைப்பை உறையாகப் போடுங்கள்.

தொட்டிக்கு அடியில் வடிகால் இல்லையென்றால் யாரும் கழுவ மாட்டார்கள், பாசிதான் படியும். கழுவி, மாதம் இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தால் போதும். வடியும் தண்ணீர் மாட்டின் காலடியில் தேங்கக் கூடாது. லைன் கடைசியில் வெறும் எண்ட் கேப் (மூடி) வைக்காமல் வால்வு வையுங்கள். போர் தண்ணீரின் மண்ணையும் உப்பையும் அப்பப்போது திறந்து வெளியேற்றலாம்.

ஒன்றில் மட்டும் சமாதானமே கிடையாது: சொட்டுநீர் வழியாக உரம் விடும் லைனிலிருந்து மாட்டுக்குக் கிளை எடுக்காதீர்கள். யூரியா கரைசல் திரும்பி வந்து தொட்டியில் கலந்தால் மாடு செத்துப்போகும். மாட்டுக்குத் தனி டேங்க், தனி லைன்தான்.

சரி, எல்லாம் ஒட்டியாயிற்று. பள்ளத்தை அன்றே மூடிவிடாதீர்கள். லைனை நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, காலையில் ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால் தடவிப் பாருங்கள். அப்புறம் எல்லாத் தொட்டி வால்வையும் ஒன்றாகத் திறந்து, கடைசி வால்வுக்குக் கீழே 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் பாதியாவது நிறையவில்லையென்றால் மண்வெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பைப் கடைக்குப் போய்வாருங்கள்.