அரிவாளுக்குத் தோய்ச்சல் பிடிக்குமுன் அதன் மணியைப் பாருங்கள்

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியிலுள்ள திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை அடித்து அரிவாள் செய்வது பட்டறைகளில் வழக்கம். அந்தப் பட்டையில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமம் இருக்கும். ஒரே பட்டையில் பிறந்த இரண்டு அரிவாள்களில் ஒன்று கருவேலங்கட்டையை நாள்முழுதும் வெட்டியும் கூர் குறையாமலிருக்க, மற்றொன்று முதல் வெட்டிலேயே வாய் உதிர்வதற்குக் காரணம், எஃகுக்குள்ளிருக்கும் நுண்ணிய படிக மணிகளே ஆகும்.

ஆகவே, அதே பட்டையில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, அரிவாளைப் போலவே காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, வைஸ் என்னும் இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பிடித்துத் துணியால் மூடி, கண்ணாடி அணிந்துகொண்டு சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் கல்லுப்பைப் போல மின்னினால் மணிகள் பெருத்துவிட்டன என்று பொருள். மங்கிய சாம்பல் நிறத்தில் மாவைப்போல் இருந்தால் நல்லது. எஃகு வளையும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள எல்லை அந்த வழுக்கலைத் தடுக்கிறது. மணி சிறுத்தால் எல்லை மிகும், வலிமையும் கூடும். உலோக ஆய்வாளர்களான ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் இதை அளந்து காட்டினார்கள்: மணியின் விட்டம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், எல்லைகளால் கிடைக்கும் வலிமை இருமடங்காகிறது.

மணி பெருத்திருந்தால் பட்டையை வீணென்று ஒதுக்க வேண்டாம். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, சிவப்பு மறையும்வரை காற்றில் ஆறவிடுங்கள். மூன்று முறை இவ்வாறு செய்தால், ஒவ்வொரு முறையும் பழைய மணிகள் அழிந்து புதிய சிறு மணிகள் பிறக்கும். மதுரை வெயிலில் உலையின் நிறம் கண்ணை ஏமாற்றும் என்பதால், நிழலில் காய்ச்சுவதே என் அறிவுரை.

தோய்ச்சலுக்கு, அதாவது காய்ச்சிய அரிவாளை எண்ணெயில் முக்கி இறுகச் செய்வதற்கு, அரிவாள் முழுவதும் ஒரே நிறமாக ஏறத்தாழ 830 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். அந்தச் சூட்டில் இரும்புக்குள் கரைந்திருக்கும் கரிமத்துக்கு, விரைந்து குளிரும்போது வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அது சிக்கிக்கொண்டு இரும்பின் அடுக்கையே கோணலாக்குகிறது. மார்டென்சைட் என்னும் அந்த அமைப்பு மிகக் கடினமானது, கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியதும்கூட. மெதுவாக ஆறினால் கரிமம் பிரிந்து, பெர்லைட் என்னும் மென்மையான ஏடுகளே மிஞ்சும். தண்ணீரில் முக்காதீர்கள்: மார்டென்சைட் பருமனில் விரிவதால், முதலில் இறுகிய மேற்பரப்பு உட்புறம் விரியும்போது வெடித்துவிடும். மூடியுள்ள இரும்புத் தொட்டியில் வெதுவெதுப்பான கடலையெண்ணெய் போதும்.

பிறகு அரிவாளைக் கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கம் மட்டும் சூடுகாட்டுங்கள். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என நிறங்கள் வாயை நோக்கி ஓடிவரும். சிக்கிய கரிமம் இப்போது நுண்துகள்களாகப் பிரிந்து, அடுக்கின் இறுக்கம் தளர்கிறது. ஏறத்தாழ 280 டிகிரியைக் காட்டும் ஊதா, வாயைத் தொட்டவுடன் எண்ணெயில் இறக்கிச் சூட்டை நிறுத்துங்கள். தோய்த்த அரிவாளை இரவு முழுதும் அப்படியே வைத்தால் தானாகவே விரிசல் விடக்கூடும்; ஆதலால் இந்த வேலையை அன்றே, எண்ணெய்ச் சூடு ஆறியவுடன் முடித்துவிட வேண்டும்.