சாஃப்ட்பாலில் கர்வ்பாலை (பக்கவாட்டில் வளையும் பந்தை) நினைத்த இடத்தில் போட வைப்பது
நீங்கள் பயிற்சி தரும் பெண்ணின் ஃபாஸ்ட்பாலே (நேராக வேகமாக வீசும் பந்தே) சொன்ன இடத்துக்குப் போகவில்லை என்றால் கர்வ்பாலை இப்போதைக்குத் தொடாதீர்கள். சரி, அது போகிறது என்றால் 40 அடி முழுத் தூரத்திலிருந்து வேண்டாம், பாதித் தூரத்தில் மெதுவாக வீசச் சொல்லுங்கள்.

வலது கையால் வீசும் பெண்ணின் கர்வ் அவளுக்கு இடப்பக்கமாக வளையும், அதனால் பிளேட்டின் (பேட்டர் பக்கத்தில் தரையில் இருக்கும் தட்டின்) இடது ஓரத்தில் பந்து முடிய வேண்டுமானால் அவள் குறி வைக்க வேண்டியது அந்த ஓரத்தை அல்ல, 17 அங்குல பிளேட்டின் நடுப்பகுதியை. இதைப் புரியவைப்பதுதான் பாதி வேலை. பாதி வழியில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, பந்து அதன் வலப்பக்கமாகவே கடக்க வேண்டும் என்று பழக்குங்கள்.

ரொம்ப இடப்பக்கம் போகிறதா? பெரும்பாலும் கை உடம்பின் குறுக்கே வந்த பிறகு தாமதமாக விடுகிறாள். வலப்பக்கமே நின்றுவிட்டால் சீக்கிரம் விட்டிருப்பாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள், அப்புறம் கை வலி என்று சொன்னால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.